புதுப்பிப்பு: பிராய்லர் தீவனத்தில் மஞ்சளும் பூண்டும்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: செங்குன்றம் பக்கம் 300 பிராய்லர் குஞ்சுகள் விட்டிருக்கிறேன், ஆன்டிபயாடிக் இல்லாமல் வளர்க்கத் தீவனத்தில் என்ன சேர்க்கலாம் என்று. நேற்று 38ஆம் நாள், எல்லாம் விற்றாயிற்று.

பாதிக் குஞ்சுகளுக்கு மட்டும் கிலோ தீவனத்துக்கு 5 கிராம் மஞ்சள்தூளும் 5 கிராம் பூண்டுத்தூளும் கலந்தேன். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆனால் மூன்றாவது வாரம் மழையில் கொட்டகைத் தரையில் பரப்பிய கூளம் ஈரமானபோது, மஞ்சள் தின்ற பக்கம் கழிச்சல் நன்றாகவே குறைந்திருந்தது. என் ஒரு பேட்ச் அனுபவம்தான் இது.

கடை மஞ்சள்பொடி வேண்டாம். நிறத்துக்காக ஈய குரோமேட் என்ற நச்சுச் சாயம் கலப்பவர்கள் உண்டு. விரலி மஞ்சள் வாங்கி மில்லில் அரைத்துக்கொண்டேன்.

தண்ணீரில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கலக்கச் சொன்ன நண்பருக்கு: கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அதை மத்திய அரசு 2019இலேயே தடை செய்துவிட்டது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மருந்து அது, தயவுசெய்து தொடாதீர்கள். அப்புறம், ரத்தக்கழிச்சல் வந்தால் மஞ்சளை நம்பி உட்காராமல் உடனே கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

முருங்கை இலைப்பொடியில் நார்ச்சத்து அதிகம். அதனால் அடுத்த பேட்ச்சில் கொஞ்சமாக மட்டும் சேர்த்துப் பார்த்து எழுதுகிறேன்.