தூண்டப்பட்ட டி செல்கள் சைக்ளோஸ்போரினில் இறக்காமல் பிழைப்பது ஏன்?

கேள்வி

வணக்கம். மனித இரத்தத்திலிருந்து பிரித்த டி செல்களை (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களை), அவற்றின் மேற்பரப்பிலுள்ள சிடி3, சிடி28 புரதங்களுக்கான எதிர்ப்பொருள்கள் பூசிய மணிகளால் தூண்டி, வளர்ச்சிப் புரதமான இன்டர்லூக்கின்-2 சேர்த்துச் சில நாட்கள் வளர்த்தேன். பிறகு சிடி3 எதிர்ப்பொருளை மட்டும் கொண்டு மறுபடி தூண்டி, அதே வேளையில் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளான சைக்ளோஸ்போரின், மைக்கோஃபினோலிக் அமிலம், அசதயோப்ரின் ஆகியவற்றைத் தனித்தனிக் குழிகளில் சேர்த்தேன். 24 மணி நேரம் கழித்து இறக்கும் செல்களில் ஒட்டும் அனெக்சின் வி கொண்டு சாயமிட்டு, செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்த்தால், மருந்தே சேர்க்காத குழியைவிடச் சைக்ளோஸ்போரின் குழியில் இறப்பு தெளிவாகக் குறைந்திருக்கிறது. மற்ற இரண்டிலும் வேறுபாடே தெரியவில்லை. கரைப்பான் மட்டும் சேர்த்த குழியில் சிக்கல் ஏதுமில்லை. மூன்று மருந்துகளுமே இறப்பைக் கூட்டும் என்று எதிர்பார்த்தேன். மருந்தின் செறிவு போதவில்லையா, அல்லது என் எதிர்பார்ப்பே தவறா?

மறுமொழி 1

உங்கள் சைக்ளோஸ்போரின் சரியாகவே வேலை செய்கிறது. மறுதூண்டலில் டி செல் இறப்பதற்கு முதன்மையான காரணம், அது தானே உருவாக்கும் ஃபாஸ் லிகாண்ட் என்னும் புரதம் தன் மீதும் பக்கத்துச் செல்கள் மீதும் உள்ள ஃபாஸ் ஏற்பியில் இணைந்து செல்லின் இறப்பைத் தொடங்கிவைக்கும் காஸ்பேஸ்-8 நொதியைக் கிளப்பிவிடுவதுதான். அந்த லிகாண்டின் மரபணுவை இயக்கும் காரணிகளுள் முக்கியமானது என்ஃபாட் என்னும் புரதம். கால்சினியூரின் என்னும் நொதி அதிலுள்ள பாஸ்பேட்டை நீக்கினால்தான் என்ஃபாட் உட்கருவுக்குள் நுழையும்; சைக்ளோஸ்போரினோ கால்சினியூரினையே அடைத்துவிடுகிறது. ஆகவே செல் பெருகுவதற்கான கட்டளை நிற்கும் அதே இடத்தில் சாவதற்கான கட்டளையும் நின்றுபோகிறது. கால்சினியூரினையே தடுக்கும் மற்றொரு மருந்தான டாக்ரோலிமஸ் சேர்த்தாலும் இதையே காண்பீர்கள்.

இது சோதனைக்குழாயோடு முடிந்துவிடும் செய்தியன்று. இணைத்தூண்டலை (சிடி28 போன்றவை தரும் இரண்டாம் சமிக்ஞையை) தடுத்து ஒட்டுறுப்பை ஏற்கச் செய்யும் சுண்டெலிச் சோதனைகளில், சைக்ளோஸ்போரின் அந்த ஏற்பைக் கெடுத்ததையும், ராபமைசின் என்னும் மருந்து கெடுக்காமல் விட்டதையும் 1999-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ராபமைசின் எம்டார் என்னும் நொதி வழியாக வளர்ச்சிச் சமிக்ஞையைத்தான் தடுக்கிறது. இறப்பின் பாதையை மூடுவதில்லை. எந்த மருந்து டி செல்லை உறங்க வைக்கிறது, எது அழிக்கிறது என்பதைப் பிரித்துப் பார்ப்பது இதனால்தான் மிகவும் முக்கியம் என்று கருதுகிறேன்.

மறுமொழி 2

அசதயோப்ரினைப் பற்றி நான் சேர்க்கிறேன். அது செல்லுக்குள் 6-மெர்காப்டோப்யூரினாக மாறி, அதிலிருந்து 6-தயோ-ஜிடிபி (6-thio-GTP) உண்டாகிறது. டி.என்.ஏ-வில் புகுந்து கெடுப்பது மட்டுமே அதன் வேலை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த மூலக்கூறு செல்லின் இயல்பான ஜிடிபி-க்குப் (GTP) பதிலாக, சமிக்ஞை கடத்தும் ராக்1 புரதத்தில் அமர்ந்துகொள்வதைக் காட்டியது. சிடி28 தரும் உயிர்காப்புச் சமிக்ஞை ராக்1 வழியாகவே செல்வதால், அது தடைபட்டதும் மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பாபியின் செயல்பாடு குறைகிறது, இறப்பைத் தடுக்கும் பிசிஎல்-எக்ஸ்எல் புரதமும் குறைகிறது. மைட்டோகாண்டிரியா வழியாகக் இறப்பைத் தூண்டும் காஸ்பேஸ்-9 நொதி எழுகிறது. உயிர் காக்க வந்த சமிக்ஞையே கொல்லும் சமிக்ஞையாகத் திரும்பிவிடுகிறது. நீங்கள் மறுதூண்டலில் சிடி28-ஐ விட்டுவிட்டீர்கள். 24 மணி நேரத்திலேயே பார்த்தும்விட்டீர்கள். இரண்டுமே இம்மருந்துக்குப் பொருந்தாதவை. முதல் நாளிலிருந்தே இரு எதிர்ப்பொருள்களோடும் மருந்தைச் சேர்த்து, சில நாட்கள் தொடர்ந்து பாருங்கள்.

மைக்கோஃபினோலிக் அமிலத்துக்கும் பொறுமை வேண்டும். அது ஐஎம்பிடிஎச் நொதியைத் தடுத்துக் டி.என்.ஏ ஆக்கத்துக்குத் தேவையான குவானோசின் நியூக்ளியோடைடுகளை வற்றச் செய்கிறது. செல் பிரியத் தொடங்கும்போதுதான் அந்தப் பஞ்சம் உறைக்கும். அப்போதும் முதலில் பிரிதல் நிற்கும், இறப்பு பிறகுதான்.

கேட்டவர்

மிக்க நன்றி. அவ்வாறு நாட்களை நீட்டினால், மருந்து கொன்றதையும் வளர்ப்பில் இயல்பாக இறந்ததையும் எப்படிப் பிரித்தறிவது?

மறுமொழி 2

மீட்புச் சோதனை செய்யுங்கள். மைக்கோஃபினோலிக் அமிலக் குழியில் வெளியிலிருந்து குவானோசின் சேர்த்தால் செல்கள் மீள வேண்டும். மீளவில்லையென்றால், நீங்கள் காண்பது வேறு நச்சு விளைவாக இருக்கலாம். இதே வகை மருந்துகளுள், லெஃப்ளூனோமைடின் செயல்வடிவமான டெரிஃப்ளூனோமைடுக்கு யூரிடினும், மெத்தோட்ரெக்சேட்டுக்கு ஃபோலினிக் அமிலமும் இவ்வாறே பயன்படும்.

மறுமொழி 1

இன்னும் ஒன்று: தூண்டப்பட்ட டி செல் உயிரோடிருக்கும்போதே சிறிதளவு பாஸ்பாட்டிடைல்செரினை (அனெக்சின் ஒட்டும் சவ்வுக் கொழுப்பை) வெளிப்புறம் காட்டக்கூடும் என்பதால், அனெக்சினை மட்டும் நம்பாமல் செயலூக்கம் பெற்ற காஸ்பேஸ்-3-ஐயும் சாயமிட்டுப் பாருங்கள். இறந்தவை சிதைந்து மறைந்துவிடுவதால் விழுக்காடு ஏமாற்றும். எண்ணிக்கை தெரிந்த எண்ணும் மணிகளை ஒப்பீட்டுக்காகச் சேர்த்து, உயிருள்ள செல்களின் மொத்த எண்ணிக்கையையும் ஒவ்வொரு நாளும் குறித்துக்கொள்ளுங்கள்.