ஆப்பில் 18 தான் காட்டியது என்பவர்களுக்கு

வடகடலான் (திங்கள், இரவு 8.50)
நேற்றிலிருந்து ஒரு பதிவு குழு குழுவாகச் சுற்றுகிறது. "வானிலை ஆப்பில் காற்று 18 தான் காட்டியது. 18-க்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமை பாய்மரப் படகுப் போட்டியைத் தள்ளிவைத்த விழாக் குழுவுக்கு வானிலை பார்க்கத் தெரியாது. அடுத்த வருடம் தெரிந்தவர்களிடம் ஒப்படையுங்கள்." இதுதான் பதிவு. எழுதியவர் தொண்டிப் பக்கம் பிறந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் இப்போது அவர் பார்க்கிற கடல் துபாயில் ஏழாவது மாடிச் சன்னலில் தெரிகிற கடல்.

விழாக் குழுவில் நானும் ஒருவன். சனிக்கிழமை மதியம் மீனவர் எச்சரிக்கை வந்தது. மன்னார் வளைகுடாவிலும் குமரிக்கடலிலும் மணிக்கு 45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65 கி.மீ. சூறாவளிக் காற்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு படகுக்கு ஆறு பேர் என்று இறக்கிவிடச் சொல்கிறீர்களா? ஒருவன் விழுந்தால் அவன் அம்மாவிடம் போய் "ஆப்பில் 18 தான் காட்டியது" என்று நீங்கள் சொல்வீர்களா, நான் சொல்ல வேண்டுமா?

காற்றுக்கணக்கு (இரவு 9.05)
பெயரைப் போட்டே பேசலாம் அண்ணே, எழுதியது நான்தான். 18 என்றேன், 18 தான். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. காலை 8 மணிக்கு 18, 11 மணிக்கும் 18. மன்னார் வளைகுடாவுக்கு விட்ட எச்சரிக்கையைக் காட்டிப் பாக் நீரிணையில் போட்டியை நிறுத்திய ஒரே குழு நம் குழுதான். தென்கடலில் காற்று என்றால் வடகடல்காரன் ஏன் படகைக் கட்ட வேண்டும்? ஆடி மாதம் நம் பக்கம் கடல் எப்படி இருக்கும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஞாயிறு காலை என் மச்சான் கரையில் எடுத்த வீடியோவைப் பாருங்கள், அலையே இல்லை.

வடகடலான் (இரவு 9.11)
வீடியோவைப் பார்த்தேன். காலை ஆறேகாலுக்கு எடுத்தது. போட்டி பத்து மணிக்கு. கச்சான் (மேல்காற்று) அடிக்கும்போது கரையில் அலை இருக்காது என்பதே உங்களுக்கு மறந்துவிட்டது. காற்று மேற்கேயிருந்து, தரையிலிருந்து கடலுக்குப் போகிறது. கரையோரம் எண்ணெய் ஊற்றியது மாதிரிதான் கிடக்கும். மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால்தான் தெரியும். பாய் கிழிந்தாலும் பருமல் (பாய் கட்டும் கம்பு) ஒடிந்தாலும் படகு கரைக்கு ஒதுங்காது, கிழக்கேதான் இழுத்துப் போகும். கிழக்கே என்ன இருக்கிறது என்று இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. எல்லை தாண்டினால் அப்புறம் ஜாமீன் எடுக்க உங்கள் ஆப் வருமா?

தூண்டில்முள் (இரவு 9.14)
ஒரு சந்தேகம். 18 என்கிறீர்களே, என்ன 18? நாட்டா (மணிக்கு இத்தனை கடல்மைல்), கிலோமீட்டரா?

காற்றுக்கணக்கு (இரவு 9.20)
அண்ணே, பேச்சை மாற்றாதீர்கள். நான் கேட்டது ஒரே கேள்வி. 18-க்குப் போட்டி நடத்தலாமா, கூடாதா? பாய்மரப் போட்டிக்குக் காற்றே வேண்டாம் என்றால் துடுப்புப் போட்டி நடத்துங்கள். போன வருடம் இதைவிடக் காற்றில் ஓட்டினோம்.

வடகடலான் (இரவு 9.26)
போன வருடம் ஓட்டினீர்கள். மிதவைக்கு உள்பக்கமாக ஓட்டினீர்கள். அதனால்தானே உங்கள் படகை நீக்கினோம். இப்போது புரிகிறது கோபம் எங்கேயிருந்து வருகிறது என்று.

காற்றுக்கணக்கு (இரவு 9.28)
மிதவை இழுத்துப் போயிருந்தது. நங்கூரம் சரியாகப் போடவில்லை. போட்டது யார் என்று ஊருக்கே தெரியும்.

வடகடலான் (இரவு 9.29)
நங்கூரம் போட்டது நான்தான். இரண்டு கல், இருபது பாகம் கயிறு. இழுக்கவில்லை. உங்கள் சுக்கான்காரருக்குத்தான் வலது இடது தெரியவில்லை.

உச்சிப்புளி லெவன் (இரவு 9.33)
படகுக்காரர்கள் சண்டை ஓயட்டும், எங்கள் கதையைக் கேளுங்கள். அதே ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு டென்னிஸ் பந்து டோர்னமென்ட். ஆப்பில் மழை 40 சதவீதம். 40 தானே, ஃபெயில் மார்க்குக்குக் கொஞ்சம் மேலே என்று நடத்தினோம். அரையிறுதி வரை வெயில் கொளுத்தியது. நாலரை மணிக்குக் கொட்டியது பாருங்கள், பிட்ச் வாய்க்கால் ஆகிவிட்டது. அப்போது ராமநாதபுரம் டவுனில் ஒரு சொட்டு இல்லையாம். 40 என்றால் வராது என்றுதானே அர்த்தம்?

மண்டபம் முனை (இரவு 9.41)
40 என்றால் வராது என்று யார் சொன்னது? அதே மாதிரி பத்து நாள் வந்தால் அதில் நாலு நாள் மழை. ஆடியில் நம் பக்கம் மதியம் வரை மேல்காற்று, அப்புறம் கடல்காற்று உள்ளே வரும். இரண்டும் முட்டுகிற இடத்தில் மேகம் எழும்பும். அது உச்சிப்புளியில் முட்டுமா, பெருங்குளத்தில் முட்டுமா என்று முந்தின நாள் எந்த வானிலை மாதிரியாலும் (கணினிக் கணிப்பாலும்) சொல்ல முடியாது. நானாக இருந்தால் மூன்று மணிக்கு மேல் மேட்ச் வைத்திருக்க மாட்டேன். காரைக்கால் ராடார் படத்தைப் பார்க்கலாம், ஆனால் அது நமக்குக் கிட்டத்தட்ட 200 கி.மீ. தள்ளி. பூமி வளைவால் அதன் கதிர் நம் தலைக்கு மேலே 3, 4 கி.மீ. உயரத்தில்தான் போகும். தாழ்ந்த மேகம் அதன் கண்ணில் படாமலே பெய்துவிட்டுப் போய்விடும்.

உச்சிப்புளி லெவன் (இரவு 9.44)
மூன்று மணிக்கு மேல் வைக்கக் கூடாதென்றால் பன்னிரண்டு மணி வெயிலில் நீங்கள் வந்து ஃபீல்டிங் நிற்கிறீர்களா?

வடகடலான் (இரவு 9.50)
கிரிக்கெட்டில் நனைந்தால் துண்டு போதும். இது கடல். விஷயத்துக்கு வருகிறேன். 18 என்பது எங்கேயிருந்து வந்தது? ஐரோப்பிய மாதிரி கணக்குப் போடுகிற கட்டம் ஏறத்தாழ 9 கி.மீ. அமெரிக்க மாதிரி ஆப்களுக்குத் தருவது கால் டிகிரிக் கட்டம், சுமார் 27 கி.மீ. மண்டபத்தில் வடகடலும் தென்கடலும் நடந்து போகிற தூரம். அந்த ஒரே கட்டத்துக்குள் இரண்டு கடலும் நடுவில் ஊரும் அடங்கிவிடும். எல்லாவற்றையும் கலந்து 18 என்று ஒரு எண்ணைத் துப்பினால், அது எந்தக் கடலின் எண்? இதில் இன்னொன்று. தம்பி காட்டுகிற ஸ்கிரீன்ஷாட் வெள்ளிக்கிழமை மாலை எடுத்தது, மேலே கிழமை தெரிகிறது. மாதிரியின் காலை 5.30 கணக்கு மதியம்தான் வெளிவரும், மாலை 5.30 கணக்கு நள்ளிரவில். சனி நள்ளிரவுக்குப் பிறகு வந்ததைப் பார்த்தாரா? நான் பார்த்தேன். இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) கடல்நிலை அறிவிப்பையும் பார்த்தேன். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவன்தான் முடிவு எடுக்க வேண்டும்.

காற்றுக்கணக்கு (இரவு 9.55)
முதலில் என்னைத் தம்பி என்பதை நிறுத்துங்கள். எனக்கு 46 வயது. இரண்டாவது, பார்த்தேன் என்கிறீர்களே, சனி நள்ளிரவில் எத்தனை காட்டியது? சொல்லுங்கள். சொல்ல மாட்டீர்கள். ஏனென்றால் அப்போதும் 18 தான் காட்டியிருக்கும்.

வடகடலான் (இரவு 9.57)
18 இல்லை.

காற்றுக்கணக்கு (இரவு 9.57)
அப்புறம் எத்தனை?

வடகடலான் (இரவு 9.59)
18 இல்லை என்றேன். அது போதும்.

தூண்டில்முள் (இரவு 10.03)
திரும்பவும் கேட்கிறேன். 18 நாட் என்றால் 33 கி.மீ. ஒரு நாட் 1.852 கி.மீ. 18 கி.மீ. என்றால் பத்து நாட்கூட இல்லை, பாய் விறைக்கவே யோசிக்கும். அந்த ஆப்பில் அலகை மாற்ற முடியும், எண்ணுக்குப் பக்கத்திலேயே சின்னதாகப் போட்டிருக்கும். ஸ்கிரீன்ஷாட்டில் அந்த இடத்தை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறீர்கள். அது சராசரிக் காற்றா, வீச்சா (திடீரென எழும்பும் காற்று) என்பதையும் சொன்னால் நல்லது. இரண்டும் தனித்தனி வரிசை.

காற்றுக்கணக்கு (இரவு 10.06)
வெட்டவில்லை. போனில் அப்படித்தான் வரும்.

வடகடலான் (இரவு 10.08)
வெட்டித்தான் போட்டிருக்கிறார். போன வருடம் மிதவை வீடியோவையும் இப்படித்தான் வெட்டிப் போட்டார்.

பழைய பாலம் (இரவு 10.15)
ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன், பாம்பனில் வேலை பார்த்திருக்கிறேன். பழைய ரயில் பாலம் ஓடிய காலத்தில் காற்று 58 கி.மீ. தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிட்டது. வண்டி மண்டபத்திலேயே நின்றது. யாரும் ஆப் பார்க்கவில்லை, யாரும் விவாதம் பண்ணவில்லை. பாலத்தில் வைத்த காற்றுமானி சொன்னது, வண்டி நின்றது. போட்டிக்கும் அப்படி ஒரு எல்லை வைத்து, கரையில் ஒரு காற்றுமானி வாங்கி மாட்டினால் என்ன? கையடக்கமாகவே கிடைக்கிறது.

வடகடலான் (இரவு 10.19)
ஐயா, 58 வரை பாய்மரம் ஓட்டச் சொல்கிறீர்களா? ரயில் இரும்பு. எங்கள் படகு பலகை.

பழைய பாலம் (இரவு 10.22)
58 வரை ஓட்டச் சொல்லவில்லை. எல்லை என்று ஒன்று வேண்டும் என்றேன். படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

காற்றுக்கணக்கு (இரவு 10.24)
பாருங்கள், 58-க்குத்தான் ரயிலையே நிறுத்தினார்கள். இவர்கள் 18-க்கு நிறுத்துகிறார்கள். இதோடு பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்களா? ஒன்றாம் எண் கூண்டுகூட ஏற்றவில்லை!

மண்டபம் முனை (இரவு 10.30)
கூண்டு துறைமுகத்துக்கும் கப்பலுக்கும் உள்ள ஏற்பாடு. 11 எண் வரை இருக்கிறது. ஆடிக் கச்சானுக்கெல்லாம் ஒவ்வொரு நாளும் கூண்டு ஏற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். கூண்டு இல்லை என்பதற்காகக் காற்று இல்லை என்றாகாது. ஆனால் வடகடலான் அண்ணன் மன்னார் வளைகுடா எச்சரிக்கையைத் தொண்டிக் கரைக்கு எடுத்ததும் எனக்குச் சரியாகப் படவில்லை. தென்கடலில் 55 என்றால் வடகடலிலும் 55 என்று எடுத்துக்கொண்டால் ஆனி, ஆடி இரண்டு மாதமும் நாம் போட்டியே வைக்க முடியாது.

வடகடலான் (இரவு 10.38)
நீங்களும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டீர்களா, சரி. அந்த எச்சரிக்கை ஒன்றை மட்டும் பார்த்து நிறுத்தவில்லை என்று எத்தனை தடவை சொல்வது? சனி சாயங்காலம் நானும் இன்னும் இரண்டு பேரும் வத்தையில் (சிறிய படகில்) போய் மிதவை போடுகிற இடத்தைப் பார்த்து வந்தோம். போகும்போது சும்மா மிதந்து போனோம். திரும்பும்போது இன்ஜின் முழு வேகத்திலும் படகு நகர மறுத்தது, முகத்தில் தண்ணீர் சாட்டையாக அடித்தது, மடியில் வைத்திருந்த மிதவைக் கொடி கம்போடு பறந்துபோய்விட்டது. அதைத் தேடப் போகவும் இல்லை. ஞாயிறு பத்தரைக்குப் பந்தல் துணி கிழிந்ததைக் கரையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். துபாயில் தெரிந்திருக்காது.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் பாம்பனுக்கு வருகிறது என்று எல்லா ஆப்பும் கோடு போட்டுக் காட்டியது. வந்து மன்னார் வளைகுடாவிலேயே நின்று கரைந்தது. மழை கொட்டியது சிதம்பரத்திலும் கொள்ளிடத்திலும். 2024 நவம்பர் 20-ம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீட்டருக்கு மேல் பெய்தது. அதை முந்தின வாரம் எந்த ஆப் எனக்குக் காட்டியது? கோட்டை நம்புகிறவன் நம்பட்டும். நான் கடலைப் பார்த்து முடிவு எடுப்பேன்.

மண்டபம் முனை (இரவு 10.41)
கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவன்தான் முடிவு எடுக்க வேண்டும் என்றீர்கள். இப்போது ஆப்பே வேண்டாமா?

வடகடலான் (இரவு 10.42)
ஆப் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆப் மட்டும் போதும் என்கிறவர் வேண்டாம் என்கிறேன்.

காற்றுக்கணக்கு (இரவு 10.47)
பந்தல் துணி கிழிந்ததா! அது மூன்று வருடத்துத் துணி. போன வருடமே ஓட்டை. வாடகைப் பணம் யார் பையில் போனது என்று கேட்டால் கோபம் வரும், கேட்கவில்லை. பந்தல்காரர் குழுத் தலைவருக்குச் சகலை.

வடகடலான் (இரவு 10.49)
துணிவு இருந்தால் ஊர்க் கூட்டத்தில் வந்து கேளுங்கள். லீவு கிடைத்தால்.

உச்சிப்புளி லெவன் (இரவு 10.52)
எங்கள் அரையிறுதியை அடுத்த ஞாயிறு வைக்கலாம் என்றால் அன்றைக்கும் 40 சதவீதம் காட்டுகிறது. யாராவது சரியாகச் சொல்லுங்களேன், வைக்கலாமா?

மண்டபம் முனை (இரவு 10.54)
காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பத்தரைக்குள் முடியுங்கள்.

உச்சிப்புளி லெவன் (இரவு 10.55)
ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்கள் ஓப்பனிங் பேட்ஸ்மேன் எழுந்திருக்க மாட்டான்.

தூண்டில்முள் (இரவு 11.02)
நாட்டா, கிலோமீட்டரா?

காற்றுக்கணக்கு (இரவு 11.05)
அதெல்லாம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சரி, வேறு ஒன்று கேட்கிறேன். தள்ளிவைத்த போட்டிக்குக் கட்டிய நுழைவுப் பணம் என்ன ஆச்சு? அடுத்த ஞாயிறு எங்கள் படகுக்கு ஆள் வரமாட்டான், பாதிப் பேர் கேரளாவுக்குத் தொழிலுக்குப் போகிறார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

வடகடலான் (இரவு 11.09)
ரசீதோடு வந்து பொருளாளரைப் பாருங்கள். அவர் பரமக்குடியில் மாமனார் வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறார், வியாழன்தான் வருவார். ரசீதை வெட்டாமல் முழுசாகக் கொண்டு வரவும்.