வீட்டிலேயே ஈதர் காற்றைச் சோதிக்க 60 செ.மீ. கிரானைட் பலகை போதுமா?

கல்_வட்டம் (கிருஷ்ணகிரி) கேட்டது:
ஒளி பரவுற ஊடகமா ஈதர்னு ஒண்ணு உண்டு, ஆனா அது பூமியோடு சேர்ந்து ஓடுதுங்கிற கோட்பாட்டை நாங்க நாலு பேர் ஆராய்ஞ்சுட்டு இருக்கோம். ஒரு ஒளிக்கதிரை இரண்டா பிரிச்சு, செங்குத்தான இரு பாதையில் அனுப்பி, மறுபடி சேர்த்து ஈதர் காற்றை (பூமி ஈதருக்குள் ஓடினா எதிரே வீச வேண்டியது) தேடின மைக்கேல்சன்-மோர்லி சோதனையை நாமே செஞ்சு பார்க்கலாம்னு திட்டம். கிரானைட் பட்டறையில் 60 × 60 × 5 செ.மீ. வெட்டுத் துண்டு கிடைக்கும். கையில் இருப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், கதிரை இரண்டா பிரிக்கிற ஒரு பீம் ஸ்ப்ளிட்டர், இரண்டு கண்ணாடி. பிரிஞ்ச கதிர் போற ஒவ்வொரு பாதைக்கும், அதாவது 'கை'க்கு, நீளம் 30 செ.மீ. வைக்கலாம்னு இருக்கோம். பலகையைத் திருப்பினா, கதிர்கள் சேரும் இடத்தில் விழுற ஒளி-இருள் பட்டை நகர்வது கண்ணுக்குத் தெரியுமா?

பட்டை_எண்ணி:
முதல்ல கணக்கு. 90 டிகிரி திருப்பினா வரவேண்டிய நகர்வு = கை நீளத்தின் இரு மடங்கை அலைநீளத்தால் வகுத்து, வேகம்/ஒளிவேகம் விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கணும். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் நொடிக்கு 30 கி.மீ.னு வைங்க. உங்க அமைப்பில் 0.009 பட்டை, அதாவது ஒரு பட்டை அகலத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. 1887-ல் மைக்கேல்சனும் மோர்லியும் பல முறை எதிரொளிக்க வைத்து பாதையை 11 மீட்டர் ஆக்கினது இதுக்குத்தான். எதிர்பார்த்தது 0.4 பட்டை. கிடைச்சது அதில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே.

உங்களுக்குப் பெரிய எதிரி வெப்பம். ஒரு கையில் இருக்கிற காற்று மட்டும் 0.01 டிகிரி சூடானாலே அதே 0.009 பட்டை நகரும். கல்லே ஒரு பக்கம் 1 டிகிரி கூடினா சுமார் 7 பட்டை ஓடிடும். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறை வேண்டாம். தெர்மோகோல் பெட்டியால் முழுசா மூடி, ராத்திரியே வெச்சு விட்டு, விடிகாலை 3 மணிக்கு மேல அளங்க. நாலு பேரும் பக்கத்தில் நின்னா உடம்புச் சூடே போதும், காரியம் கெட்டது.

சுழல்மேசை (தருமபுரி):
கணக்கு அவர் சொல்லிட்டார், நான் சாமான் பக்கம் வர்றேன்.

அந்தப் பலகை 48 கிலோ இருக்கும், நல்லது. கீழிருந்து மேலே: சுழல்தட்டு பேரிங், அதுமேல 18 மி.மீ. பிளைவுட், அதுமேல பாதிக் காற்று அடைச்ச பழைய வண்டி டியூப், அதுமேல கல். ஹைவே பக்கத்து வீடுன்னா டியூப் இல்லாம முயற்சியே பண்ணாதீங்க. லாரி போகும்போதெல்லாம் பட்டை துடிச்சு மங்கிடும். பாதரசத்தில் மிதக்க விடலாம்னு யாராவது கிளம்பினா தடுத்துடுங்க. அதன் ஆவி நரம்பைக் கெடுக்கும்.

கண்ணாடி முன்பக்கம் பூச்சு உள்ளதா இருக்கணும். முகம் பார்க்கிற கண்ணாடி போட்டா முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு இரண்டு புள்ளி விழுந்து குழப்பும். ஸ்டாண்டை எபாக்ஸியில் ஒட்டுங்க. டபுள் டேப் மெல்ல நழுவும், பட்டை மணிக்கணக்கா ஒரே பக்கம் ஊர்ந்துட்டே இருக்கும்.

டயோட் லேசர் சூடாகும்போது அலைநீளம் திடீர்னு தாவும். பட்டையும் ஒரே குதியா குதிக்கும். பேட்டரி வேண்டாம், மின்னோட்டம் மாறாத சப்ளை கொடுத்து அரை மணி நேரம் எரிய விட்டுத் தொடங்குங்க. இரண்டு கையும் ஓரிரு மி.மீ.க்குள் சமமா இருந்தா இந்தத் தொல்லை பாதிக்கு மேல் குறையும். திரும்பி வர்ற கதிர் லேசர் வாய்க்குள்ளேயே போய் விழாதபடி கண்ணாடியை ஒரு நூல் சாய்ச்சு வைங்க. கதிர் உயரத்தில் கண்ணைக் கொண்டு போகாதீங்க. பட்டையைப் படம் பிடிக்கிற போனையும் கல் மேலேயே பொருத்துங்க, கூடவே சுத்தட்டும்.

பழைய_வானம்:
அமெரிக்க இயற்பியலாளர் மில்லர் இதே சோதனையை 1925-26-ல் மவுண்ட் வில்சன் மலைமேல செஞ்சு, ஈதர் காற்று நொடிக்கு 10 கி.மீ. கிடைச்சதுன்னு சொன்னாரே? மலைமேல ஈதர் முழுசா இழுபடலைன்னுதானே அதுக்கு அர்த்தம்?

பட்டை_எண்ணி:
1955-ல் ஷாங்க்லண்டும் கூட்டாளிகளும் மில்லரின் அளவுகளை மறுபடி அலசி, அறை வெப்பநிலை வேறுபாடுதான் காரணம்னு சொன்னாங்க. அதை ஏத்துக்கலைன்னாலும், 10 கி.மீ.க்கு இந்தக் கிரானைட் மேசையில் வரவேண்டியது 0.001 பட்டைதான். மில்லர் சரியா தப்பான்னு இந்த மேசை சொல்லவே சொல்லாது.

இன்னொண்ணு, ஈதர் பூமியோடு முழுசா ஓடுதுன்னா நட்சத்திரங்கள் ஆண்டுதோறும் 20.5 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3600-ஆப் பிரிச்சா ஒரு பங்கு) இடம் மாறித் தெரிவது ஏன்? பிராட்லி 1728-லேயே இதைச் சொல்லிட்டார். கோட்பாடு முதல்ல பதில் சொல்ல வேண்டிய இடம் இது.

ஆனா உங்க மேசையால் தெளிவா ஆமா இல்லைன்னு சொல்லக்கூடிய கேள்வி ஒண்ணு இருக்கு. அண்ட நுண்ணலைப் பின்னணியை (பெருவெடிப்பில் மிஞ்சி, வானம் முழுக்கப் பரவியிருக்கிற கதிர்வீச்சு) வெச்சுப் பார்த்தா சூரியக் குடும்பம் நொடிக்கு சுமார் 370 கி.மீ. வேகத்தில், சிம்ம ராசிக்குச் சற்றுத் தெற்கே பார்த்துப் போகுது. ஈதர் அந்தப் பின்னணியோடு நிலையா நிக்குதுன்னா, வரவேண்டியது 1.4 பட்டை. வெறும் கண்ணுக்கே தெரியும். நம்ம அட்சரேகையில் அந்தத் திசை ஏறக்குறைய தலைக்கு மேல போறதால், உச்சியில் இருக்கும்போது நகர்வு 0.16 பட்டையா சுருங்கிடும். கிழக்கே எழும்போதோ மேற்கே சாயும்போதோ அளங்க.

கல்_வட்டம்:
அப்போ மார்ச்ல ஒரு தடவை, செப்டம்பர்ல ஒரு தடவை அளந்து ஒப்பிட்டா போதுமா?

பட்டை_எண்ணி:
அங்கேதான் ஏமாறுவீங்க. மார்ச் நடுவில் அந்தத் திசை மாலை 6 மணிவாக்கில் எழுந்து காலை 6 மணிவாக்கில் சாயும். செப்டம்பரில் காலை எழுந்து மாலை சாயும். இரண்டிலும் உச்ச நகர்வு அதே காலை, மாலைதான். வெயிலின் வேலையா வானத்தின் வேலையான்னு பிரிக்க முடியாது. மார்ச்சும் ஜூனும் ஒப்பிடுங்க. ஜூனில் உச்ச நகர்வு நண்பகலுக்கும் நள்ளிரவுக்கும் தள்ளிப் போயிருக்கணும். போகலைன்னா நீங்க அளந்தது வெப்பத்தை.

சுழல்மேசை:
ஒரு பொறி இன்னும் மிச்சம் இருக்கு. ஈதரால் வர்ற நகர்வு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். தரை சாய்வால் வர்றது ஒரு முறைதான், அதைப் பிரிச்சிடலாம். பேரிங்கில் எதிரெதிரா இரண்டு மேடு இருந்தா அதுவும் இரண்டு முறை காட்டும், அசல் மாதிரியே இருக்கும். அதனால் 22.5 டிகிரிக்கு ஒண்ணா 16 இடத்தில் அளந்து, இடப்பக்கம் ஒரு சுற்று, வலப்பக்கம் ஒரு சுற்று எடுங்க. பிறகு பேரிங்கின் கீழ்த்தட்டை மட்டும் தரையில் 45 டிகிரி திருப்பி வெச்சு மறுபடி அளங்க. ஏற்ற இறக்கமும் கூடவே 45 டிகிரி நகர்ந்தா, பேரிங்கை மாத்துங்க.