பயிற்சி முடிந்த பிறகும் கோப்புகள் அதே குறைகளோடு திரும்புகின்றன: எங்கே பார்ப்பது?

கேள்வி – பயிற்சிப் பிரிவு அலுவலர்

வணக்கம். ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். கொள்முதல் விதிகள் குறித்து ஆண்டுதோறும் இரண்டு நாள் வகுப்பு நடத்துகிறோம். முடிவில் வாங்கும் கருத்துப் படிவங்களில் ஏறக்குறைய எல்லோரும் ‘மிக நன்று’ என்றே குறிக்கிறார்கள். ஆனால் நிதிப் பிரிவிலிருந்து ஆட்சேபணையோடு திரும்பி வரும் கோப்புகள் குறையவில்லை. விற்பனையாளர்கள் தரும் விலைப்புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியலில் வரியைச் சேர்க்காமல் விடுவதும், ஒப்புதல் தரும் அதிகாரம் எந்த நிலை அலுவலருக்கு உள்ளது என்று பார்க்காமல் குறிப்பு எழுதுவதுமே பெரும்பாலான காரணங்கள். வகுப்பை நான்கு நாட்களாக்கலாம் என்கிறது மேலிடம். அதற்கு முன், இப்போதைய வகுப்பு பயன்படுகிறதா என்பதை எப்படி அளப்பது?

பதில் – ஓய்வுபெற்ற பயிற்றுநர்

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் தொடங்கிய ஒரு கட்டுரைத் தொடரில், பயிற்சியின் பயனை நான்கு படிகளில் பார்க்கச் சொன்னார்: கலந்துகொண்டவர்களின் மனநிறைவு, அவர்கள் கற்றுக்கொண்டது, வேலையில் தெரியும் மாற்றம், நிறுவனத்துக்குக் கிடைத்த விளைவு. உங்கள் படிவம் முதல் படியோடு நின்றுவிடுகிறது. மூன்றாம் படிக்கான சான்று நிதிப் பிரிவின் ஆட்சேபணைக் குறிப்புகளாகவே இருக்கிறது. அவற்றைக் காரண வாரியாகப் பிரித்து, வகுப்புக்கு முந்தைய மூன்று மாதங்களையும் பிந்தைய மூன்று மாதங்களையும் ஒப்பிடுங்கள். வகுப்புக்கு வராத பிரிவுகளின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கும் அதே அளவு குறைந்திருந்தால் பெருமை வகுப்புக்கு உரியதல்ல.

பதில் – கணக்குப் பிரிவு

அளப்பதற்கு முன், வகுப்பில் உட்காருபவர் யார் என்று பார்க்க வேண்டும். ‘பிரிவுக்கு ஒருவர்’ என்று சுற்றறிக்கை வந்தால், யார் இல்லாவிட்டாலும் அன்றைய வேலை நடக்குமோ அவரைத்தான் கண்காணிப்பாளர் அனுப்புவார். கொள்முதல் குறிப்பு எழுதும் எழுத்தர் இருக்கையை விட்டு எழவே முடியாது. தப்பித்தவறி அவரே வந்தாலும், சில மாதங்களில் மாறுதலாகி வேறு பிரிவுக்குப் போய்விடுகிறார். ஆள் பெயரைக் கேட்காமல், அந்தப் பணியைப் பார்ப்பவரை அனுப்பும்படி சுற்றறிக்கையிலேயே எழுதுங்கள். (வருகைப் பதிவேட்டை நிரப்புவதே பயிற்சியின் நோக்கம் என்றால் இந்தக் கவலை தேவையில்லை.)

பதில் – கொள்முதல் அலுவலர்

நாட்களைக் கூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் சொன்ன இரண்டு குறைகளும் ஒரே வகையானவை அல்ல. வரி விடுபடுவது அறியாமையால் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒப்பீட்டுப் பட்டியலின் படிவத்தில் வரிக்குத் தனிப் பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். அதிகார வரம்பு பார்ப்பது அப்படியல்ல, அது கைப்பழக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பின்பற்றிய பயிற்சி முறை நான்கு படிகள் கொண்டது: கற்பவரைத் தயார்ப்படுத்து, செய்து காட்டு, அவரையே செய்ய விடு, பின்தொடர்ந்து பார். நம் வகுப்புகள் இரண்டாம் படியைக்கூட எட்டாமல் விதிகளைப் படித்துக் காட்டுவதோடு முடிகின்றன. திரும்பி வந்த பழைய கோப்பு ஒன்றைப் பெயர்களை மறைத்துக் கையில் கொடுத்து, குறிப்பைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். சில வாரங்கள் கழித்து, அவரவர் இருக்கையிலேயே இன்னொரு கோப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ‘மொத்த விலை’ என்ற ஒரே பத்திதான் இருக்கிறது. படிவத் திருத்தத்தையும் கோப்புப் பயிற்சியையும் ஒரே மாதத்தில் தொடங்கிவிடலாமா?

பதில் – ஓய்வுபெற்ற பயிற்றுநர்

சேர்த்தே தொடங்கலாம், வரி பற்றிய ஆட்சேபணைகளை மட்டும் தனியாக எண்ணி வாருங்கள். அவை குறைந்தால் பெரும்பாலும் படிவத்தால் குறைந்தது, அதை வகுப்பின் கணக்கில் எழுத வேண்டாம். நான்கு நாள் யோசனைக்கு மேலிடத்துக்கு எழுதும் பதிலோடு இரண்டு எண்ணிக்கைகளையும் தனித்தனியே இணைத்து அனுப்புங்கள்.