பொய்வேர் வேண்டாம், புதைகாம்பு போதும்

அன்புள்ள ஐயா,

கரையான் புற்றில் முளைக்கும் புற்றுக்காளானில், மண்ணுக்குள் நீண்டு கிடக்கும் பகுதிக்குக் கலைச்சொல்லாகத் தாங்கள் சொன்ன ‘பொய்வேர்’ பொருந்தவில்லை. அமீபாவுக்குப் ‘பொய்க்கால்’ என்கிறோம். அது நகர உதவுகிறது, காலின் வேலை நடக்கிறது. இங்கே வேரைப் போல உறிஞ்சும் வேலை இல்லை.

அழகர்மலை அடிவாரத்தில் ஐப்பசி மழைக்குப் பிறகு புற்றுக்காளானையும் வேலியோரச் செங்காந்தளையும் தோண்டிப் பார்த்தால் விளங்கும். காளானைப் பிடித்து இழுக்கக் கூடாது, மண்மட்டத்திலேயே ஒடிந்துவிடும். ஒரு சாண் தள்ளிக் குழி எடுத்து, பக்கவாட்டில் குச்சியால் மண்ணை உதிர்த்துக்கொண்டே இறங்க வேண்டும். சிலது ஒரு முழத்தைத் தாண்டும். அடியில் அது போய்ச் சேருமிடம், கரையான் பூஞ்சை வளர்க்கும் பூஞ்சைக்கூடு: தவிட்டு நிறம், கடற்பஞ்சு போலத் துளைகள், மேலே வெள்ளை முத்துகள். வளர்ச்சி அங்கே தொடங்கி மேல்நோக்கி வருகிறது, குடையின் கூர்முனை மண்ணைத் துளைக்கிறது. வேர் கீழே இறங்குவதல்லவா?

செங்காந்தளுக்குக் கலப்பை வடிவக் கிழங்கும் உண்டு, நீர் உறிஞ்சும் சல்லிவேரும் தனியே உண்டு. கிழங்கை நறுக்கி அயோடின் விட்டால் மாவுச்சத்து கருநீலமாகும். காளான் பகுதியில் அந்த நிறம் வராது. பூஞ்சை சேமிப்பது மாவுச்சத்தை அன்று, கிளைக்கோஜனை. (கிழங்கில் கொல்கிசின் நஞ்சு இருக்கிறது. கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.) காளானை நெடுக்காகக் கிழித்தால் வெளிக்காம்பின் நார்ப்போக்கே அடிவரை ஓடும், நடுவே வேரில் இருப்பது போல நீர் கடத்தும் சைலம் கிடையாது.

ஆகவே ‘புதைகாம்பு’ என்கிறேன். ‘புதைதண்டு’ என்றால் இஞ்சி, மஞ்சளின் மட்டநிலத்தண்டோடு குழம்பும்.

*

மறுமொழி:

‘புதைகாம்பு’ எனக்கும் சம்மதம். இடையில் வந்த ‘புற்றுக்காம்பு’ வேண்டாம். புற்றே இல்லாமல், புதைந்த மரவேரிலிருந்து இப்படி நீளும் காளான்களும் இருக்கின்றன.

ஒரு திருத்தம் மட்டும். புற்றுக்காளான்கள் அடங்கிய டெர்மிட்டோமைசிஸ் பேரினம் முழுவதற்கும் இதை அடையாளமாக எழுதிவிடக் கூடாது. அதில் மிகச் சிறியதான மைக்ரோகார்ப்பஸ் என்ற இனம், கரையான் வெளியே கொண்டுவந்து போடும் பூஞ்சைக்கூட்டுத் துணுக்குகளில் கூட்டமாக முளைக்கும். அதற்குப் புதைகாம்பு இல்லை. கலைச்சொல் பதிவு இப்படி இருக்கலாம்:

புதைகாம்பு: சில காளான்களில், மண்ணுக்குள் உள்ள வளர்தளத்திலிருந்து மேற்பரப்புவரை நீளும் காம்பின் அடிப்பகுதி, உறிஞ்சும் உறுப்பு அன்று.