நிலம் தளியில், வீடு பெங்களூரில்: இயற்கை முறைக்கு மாற அரசு உதவியும் ஆராய்ச்சித் துணையும் யாரிடம் கேட்பது?

செந்தில்_ராமமூர்த்திநகர்

கிருஷ்ணகிரி மாவட்டம் தளி பக்கம் இரண்டரை ஏக்கர் செம்மண், முழுக்க மானாவாரி. ராகி, ஊடுபயிராக அவரை. பட்டா அப்பா பெயரில் இருக்கிறது. நான் பெங்களூரில் ஐடி வேலை, வார இறுதியில்தான் ஊர்ப்பக்கம் போக முடியும். ரசாயன உரத்தைக் குறைத்து இயற்கை முறைக்கு மாற வேண்டும்.

பெங்களூரிலேயே ஜிகேவிகே (வேளாண் பல்கலைக்கழக வளாகம்), ஹெசரகட்டா தோட்டக்கலை நிறுவனம் எல்லாம் இருக்கும்போது அவர்களிடம் போவதா, தமிழ்நாட்டு அலுவலகத்துக்குப் போவதா? மத்திய அரசின் இயற்கை வேளாண் இயக்கத்தில் நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா? நம் நிலத்திலேயே ஒரு ஆராய்ச்சித் திடல் போட்டுத் தரும்படி கேட்டால் செய்வார்களா? வேளாண்மை படிக்காதவன் எங்கே முறையாகக் கற்றுக்கொள்ளலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்கட்டி

செந்தில் சார், திட்டங்கள் எல்லாம் சர்வே எண்ணைப் பார்த்துத்தான் வரும். நிலம் தளியில் என்றால் தளி வட்டார வேளாண்மை விரிவாக்க மையம்தான் உங்கள் வாசல். அங்கே உங்கள் கிராமத்துக்கு உரிய உதவி வேளாண்மை அலுவலர் யார் என்று கேட்டு அவரைப் பிடியுங்கள். ஆனேக்கல் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் கர்நாடகத்தின் ஃப்ரூட்ஸ் என்ற விவசாயிகள் பதிவுத் தளத்தில் பஹணியை (அவர்கள் ஊர் நிலப் பதிவேடு) இணைத்து எண் வாங்குவார்கள். அது உங்களுக்குப் பொருந்தாது.

தடை பெரும்பாலும் பட்டாவில்தான் வரும். அப்பா இருக்கிறார் என்றால் விண்ணப்பம், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் அவர் பெயரிலேயே போகட்டும். பணம் நேரடியாகக் கணக்கில் விழும் திட்டங்களில் பெயர் மாறினால் அங்கேயே நின்றுவிடும். அவர் காலமாகிவிட்டார் என்றால் வாரிசுச் சான்றோடு பட்டா மாற்றத்தை முதலில் முடியுங்கள். கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவு செய்யாமல் சில திட்டங்கள் தடைபடலாம். அடங்கலையும் (கிராமப் பயிர்ப் பதிவேடு) ஒருமுறை பாருங்கள். வெளியூர்க்காரர் நிலம் பல இடங்களில் தரிசு என்றே பதிவாகியிருக்கும். விதைத்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிப் பயிரைப் பதிய வையுங்கள்.

இயற்கை வேளாண்மைக்கான தேசிய இயக்கம் 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் பெற்றது. மொத்தம் 2,481 கோடி ரூபாய். அதில் 1,584 கோடி மத்திய அரசின் பங்கு. 15,000 தொகுப்புகளில் 7.5 லட்சம் ஹெக்டேர் என்பது இலக்கு. ஒரு தொகுப்பு என்றால் 50 ஹெக்டேர், 125 விவசாயிகள். ஆகவே தனி ஆளாக விண்ணப்பிக்கும் திட்டம் இல்லை இது. உங்கள் ஊராட்சி தொகுப்பில் சேர்ந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. சேர்ந்திருந்தால் அந்தத் தொகுப்பின் கிருஷி சகி (விவசாயிகளுக்கு உதவப் பயிற்சி பெற்ற கிராமப் பெண்) மூலமாகப் பெயரைச் சேர்க்கலாம். ஊக்கத்தொகை ஏக்கருக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய், ஒருவருக்கு ஒரு ஏக்கர் வரை, இரண்டு ஆண்டு. கூட்டிப் பார்த்தால் 8,000. எருவுக்கும் களை எடுக்கும் ஆளுக்கும்கூட இது போதாது. இந்தப் பணத்தை நம்பி மாறாதீர்கள். அரசு தருவதில் மதிப்பு மிக்கவை பயிற்சி, மண் பரிசோதனை, நல்ல விதை, விஞ்ஞானியின் நேரம். இவற்றைத்தான் யாரும் கேட்டு வாங்குவதில்லை.

பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா என்ற மத்திய அரசின் இன்னொரு இயற்கை வேளாண் திட்டம் 2015-16 முதல் இருக்கிறது. இப்போதைய அமைப்பில் ஹெக்டேருக்கு மூன்று ஆண்டில் 31,500 ரூபாய்; அதில் 15,000 விவசாயி கணக்குக்கு வரும். அதுவும் 20 ஹெக்டேர் குழு சேர்ந்தால்தான். அக்கம்பக்கம் பேசி ஆள் சேர்க்க முடிந்தால் முயன்று பாருங்கள்.

வித்யா_ஹெப்பால்

திடல் பற்றிய கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் நிலத்தில் திடல் போடும் அதிகாரமும் கடமையும் உள்ளவர்கள் வேளாண் அறிவியல் நிலையத்தார், அதாவது கேவிகே. உங்களுக்கு அது எலுமிச்சங்கிரியில் உள்ள கிருஷ்ணகிரி கேவிகே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. ஹெப்பாலில் ஐசிஏஆரின் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) மண்டல அலுவலகம் ஒன்று இருக்கிறதே என்று அங்கே போய் நிற்க வேண்டாம். அது கர்நாடகம், கேரளம், லட்சத்தீவு கேவிகேக்களைப் பார்ப்பது. தமிழ்நாட்டு கேவிகேக்கள் ஐதராபாத் மண்டலத்தில் வருகின்றன.

கேவிகே செய்வது இரண்டு வகை. வயல்வெளி ஆய்வு என்பது ஒரு தொழில்நுட்பம் உங்கள் மண்ணுக்கு ஒத்துவருமா என்று சோதிப்பது. முதல்நிலை செயல்விளக்கத் திடல் என்பது ஏற்கெனவே நிரூபணமானதை ஒரு ஏக்கர் அளவில் செய்து காட்டுவது. பக்கத்திலேயே உழவர் வழக்கத் திடல் ஒன்று ஒப்பிட இருக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது முதலாவது. ஒவ்வொரு கேவிகேயிலும் அறிவியல் ஆலோசனைக் குழு கூடி அடுத்த ஆண்டுத் திட்டத்தைப் பார்க்கும். அதில் உழவர் பிரதிநிதிகளும் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். விதைப்பு நேரத்தில் போய்க் கேட்டால் அந்த ஆண்டின் ஒதுக்கீடு முடிந்திருக்கும், மறுப்பு வரும். தனி ஆளாகக் கேட்பதைவிட, “எங்கள் ஊரில் மானாவாரி ராகிக்கு எருவைக் கூட்டி உரத்தைக் குறைத்தால் விளைச்சல் என்ன ஆகும்” என்று பத்துப் பேர் கையெழுத்தோடு பிரச்சினையாக வைத்தால் எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

அவர்கள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நீங்களே சரியாகப் போடலாம். ஒப்பிட மூன்று உர முறைகள்: ஊர் வழக்கம், தொழு உரம் ஏக்கருக்கு 4 டன்னோடு மண் பரிசோதனைப்படி உரம், முழு இயற்கை முறை. ஒவ்வொன்றையும் நான்கு இடத்தில் போட்டால் பன்னிரண்டு திடல். திடல் 5 மீட்டர் × 4 மீட்டர், இடையில் ஒரு மீட்டர் வரப்பு. பத்து சென்ட் இடம் போதும்.

தவறு எங்கே நடக்கும் என்றால் சரிவில். தளி பக்கம் நிலம் சமமாக இருக்காது. மேட்டு மண் மெலிந்தும் பள்ளத்து மண் கொழுத்தும் இருக்கும். ஒரு முறையை மேட்டிலும் இன்னொன்றைப் பள்ளத்திலும் போட்டால் நீங்கள் அளப்பது சரிவைத்தான். ஒரே மட்டத்தில் மூன்று முறையும் பக்கம் பக்கமாக வர வேண்டும். அதற்குக் கீழ் மட்டத்தில் இன்னொரு மூன்று, இப்படி நான்கு வரிசை. எந்தத் திடலுக்கு எந்த முறை என்பதை வரிசைக்கு வரிசை சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். கண் பார்த்துத் தேர்ந்தால் பிடித்த முறைக்கு நல்ல இடம் போய்விடும். மேல் வரிசையில் ஓடும் மழைநீர் உரத்தைக் கீழ் வரிசைக்குக் கொண்டு போகாதபடி வரப்பை அழுத்தமாகக் கட்டுங்கள். ரகம், விதைப்பு நாள், களை எடுப்பு எல்லாத் திடலுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ரகத்துக்கு ஜிபியு 28 எடுங்கள். குலை நோயைத் தாங்கும். ஜிகேவிகே விதைப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

அறுவடையில் சுற்றிலும் இரண்டு சால் விட்டுவிட்டு, நடுவில் சரியாக 10 சதுர மீட்டர் அளந்து அறுத்து, காயவைத்து, தூற்றி எடை போடுங்கள். அந்த எடையை 405 ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. 2 கிலோ வந்தால் ஏக்கருக்கு 810 கிலோ. வைக்கோலையும் எடை போடுங்கள்; மாடு வைத்திருப்பவருக்கு அதுவும் விளைச்சல்தான்.

ஒரு ஆண்டு முடிவை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஜிகேவிகே உலர்நிலத் திட்டத்தில் 1978 முதல் ராகியில் ஒரே இடத்தில் ஓடும் எருச் சோதனை இருக்கிறது: உரமில்லாதது, ஹெக்டேருக்கு 10 டன் தொழு உரம் மட்டும், அதோடு பாதி உரம், அதோடு முழு உரம், ரசாயன உரம் மட்டும். தொழு உரமும் முழு உரமும் சேர்ந்த திடல் விளைச்சலைத் தக்கவைத்தது. ரசாயன உரம் மட்டும் போட்ட திடலில் காலப்போக்கில் விளைச்சலும் மண்ணின் கரிமமும் இறங்கின. இப்படி ஒரு சோதனையை நாற்பது ஆண்டுக்கு மேல் எந்தத் தனியாரும் நடத்த மாட்டார்கள். அரசுப் பணம் அங்கே போவது மிகச் சரி. நவம்பரில் நடக்கும் கிருஷி மேளாவுக்குப் போங்கள். ராகி கதிர் முற்றி நிற்கும் நேரம், கன்னடம் தெரியாவிட்டாலும் திடல் பலகையைப் பார்த்து விஞ்ஞானியிடம் கேட்கலாம்.

ஊடுபயிர்

வித்யா மேடம் சொன்ன மூன்றாவது முறை, முழு இயற்கை முறை, ஜீவாமிர்தம் என்ற சாணக் கரைசலோடு நின்றுவிடக் கூடாது. அங்கேதான் நிறைய பேர் தோற்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். இதில் மொத்தத் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 200 கிராம். ஏக்கருக்கு 800 கிலோ ராகி விளைந்தால் தானியமும் தாளுமாகச் சேர்ந்து எடுக்கும் தழைச்சத்து பல கிலோ. ஜீவாமிர்தத்தை மாதம் இருமுறை ஊற்றினாலும் அந்த இடைவெளி அடைபடாது. அதன் வேலை மண்ணில் உள்ள நுண்ணுயிரைத் தூண்டி, கிடக்கும் கரிமப் பொருளைச் சிதைப்பது. கிடக்க ஏதாவது இருந்தால்தானே சிதையும்? மூடாக்கு, பசுந்தாள், தொழு உரம், பயறு ஊடுபயிர் இல்லாமல் ஜீவாமிர்தம் மட்டும் ஊற்றினால் முதல் ஆண்டு பழைய சேமிப்பில் பயிர் நன்றாக இருக்கும். மூன்றாம் ஆண்டு மஞ்சளித்து நிற்கும்.

ஊடுபயிருக்கு பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை எட்டு வரிசை ராகிக்கு இரண்டு வரிசை துவரை, அல்லது எட்டுக்கு ஒன்று அவரை. உங்களிடம் அவரை ஏற்கெனவே இருக்கிறது. கொடியை அறுத்து வெளியே கொண்டுபோகாமல் அங்கேயே மடக்கி உழுங்கள்.

ஜீவாமிர்தம் வைக்கும் டிரம் நிழலில் இருக்கட்டும். காலையும் மாலையும் கலக்க வேண்டும். இரண்டு நாளில் தயாராகும். ஒரு வாரத்துக்குள் ஊற்றிவிடுங்கள். அழுகல் நாற்றம் எடுத்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஈரமில்லாத மண்ணில் ஊற்றுவது வீண். மானாவாரியில் மழை பெய்த மறுநாள்தான் சரியான நேரம். வார இறுதிக்காரருக்கு இதுவே பெரிய சிக்கல், ஊரில் ஒரு ஆள் வேண்டும்.

செந்தில்_ராமமூர்த்திநகர்

மிக்க நன்றி. ஊரில் சித்தப்பா இருக்கிறார், கலக்குவதையும் ஊற்றுவதையும் அவர் பார்த்துக்கொள்வார். மண் மாதிரி எப்போது, எப்படி எடுப்பது? சான்றிதழ் இப்போதே வாங்க வேண்டுமா? படிப்பு பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

மண்கட்டி

படிப்பு முதலில். வேளாண் பட்டதாரிகளுக்கான அக்ரி கிளினிக் பயிற்சி, 45 நாள், கடன் மானியத்தோடு வருவது, உங்களுக்குக் கிடைக்காது. அது வேளாண் படிப்பு உள்ளவர்களுக்கு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வியில் தமிழிலேயே சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு, வேலையில் இருப்பவருக்கு ஏற்றவை. கேவிகேயில் ஒரு நாள், இரண்டு நாள் பயிற்சிகள் நடக்கும். சித்தப்பாவை அனுப்புங்கள், கையால் செய்யப்போகிறவர் அவர்தான். பெங்களூரில் மத்திய அரசின் மண்டல இயற்கை வேளாண் மையமும் பயிற்சி நடத்துகிறது.

சான்றிதழை இப்போதைக்கு விடுங்கள். நகரத்தில் நேரடியாக விற்கும் எண்ணம் இருந்தால் பிஜிஎஸ் இந்தியா போதும்: குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்றளிப்பது. மாறும் காலத்தில் பச்சை முத்திரை, முழுக்க மாறியபின் ஆர்கானிக் முத்திரை. ஏற்றுமதிக்குத்தான் என்பிஓபி (தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம்) சான்றிதழ் கட்டாயம். திடலில் ரசாயன உர முறையும் ஓடும் வரை அந்தப் பத்து சென்ட்டைக் குழுவின் கணக்கில் காட்டாதீர்கள்.

வித்யா_ஹெப்பால்

மண் மாதிரி சித்திரையில், எரு கொட்டும் முன் எடுங்கள். ஆடி விதைப்புக்குள் முடிவு கையில் இருக்கும். மேல் சருகைத் தள்ளிவிட்டு ஆங்கில ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் குழி. அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு அங்குலக் கனத்துக்குச் சீவி எடுப்பது. மேடு, நடு, பள்ளம் மூன்றையும் தனித்தனி மாதிரியாக, ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு இடத்தில். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் இருந்த இடம், பழைய களத்துமேடு வேண்டாம். பிளாஸ்டிக் வாளியில் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து எதிர்எதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். துத்தநாகம் பூசிய வாளியோ உர மூட்டையோ தொட்டால் முடிவு பொய்யாகும். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, சர்வே எண் எழுதிய சீட்டை உள்ளேயும் வெளியேயும் வையுங்கள்.

ஆய்வகத்திலிருந்து மண்வள அட்டை வந்ததும் முதலில் கரிமத்தைப் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 0.75க்கு மேல் நல்லது. அடுத்த ஆண்டும் அதே மாதம், அதே ஆழம், அதே ஆய்வகம். ஆய்வகம் மாறினால் எண் மாறும், மண் மாறியது என்று நினைத்துக்கொள்வோம்.