பேடிலுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மஞ்சக்குப்பம், ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு, பழகும் பிள்ளைகளுக்காக ஒரு கையேடு எழுதிவருகிறேன். 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த ஊர் எங்கள் கடலூர். மின்சாரமும் செல்பேசியும் போனால் ரேடியோ எதற்கு என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'எந்தக் கருவி வாங்கலாம்' என்ற அத்தியாயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக அனுப்பும் மோர்ஸ் குறிக்கு இரண்டு வகைக் கருவி உண்டு. மேலிருந்து கீழே அழுத்தும் பழைய கருவிக்குத் 'தந்திச் சாவி' என்று போட்டுவிட்டேன். பக்கவாட்டில் தட்டும் பேடிலுக்கு என்ன போடுவது? கட்டைவிரலால் தட்டினால் புள்ளி, சுட்டுவிரலால் தட்டினால் கோடு. இரட்டைத் தகடு உள்ளதில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் மாறி மாறி வரும். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, முதலில் 'சாவி'யை எடுத்துவிடுங்கள். அது போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். 'விசை' இருக்கும்போது அது எதற்கு? பேடிலுக்குத் 'துடிப்பி' என்று வையுங்கள். துடி என்பது பறை. துடி, துடிப்பு, துடுப்பு மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. மின்துடிப்பை அனுப்புவது துடிப்பி.

இன்னொன்று. மோர்ஸில் ஒரு கோடு மூன்று புள்ளி நீளம். அதை நெடில் என்று எழுதிவிடாதீர்கள். நெடிலுக்கு இரண்டே மாத்திரை. 'மூவளபு இசைத்தல் ஓரெழுத்து இன்றே' என்று தொல்காப்பியர் தெளிவாகச் சொல்லிவிட்டார். கோடு என்பது அளபெடை.

தேவனாம்பட்டினம்:

> துடிப்பி

ஐயா, இதைக் கேட்டால் பிள்ளைகள் நெஞ்சுக்குள் வைக்கும் கருவி என்று நினைப்பார்கள். துடுப்பு என்றே வைக்கலாமே. விரல் படுகிற அந்தத் தகட்டைப் பார்த்தால் எங்கள் தெருப் பையன் தானாகவே அப்படித்தான் சொல்வான்.

ஆசிரியை கவனத்துக்கு: பெயர் எதுவானாலும் அடித்தளம் கனமாக இருக்க வேண்டும் என்பதை எழுதுங்கள். எடை போதாவிட்டால் தட்டத் தட்டக் கருவி மேசையில் நகரும், கை அதைத் துரத்தும், எழுத்து குலையும். அப்புறம் இடைவெளி. தொடுமுனைகளுக்கு நடுவே ஒரு தாள் நுழைகிற அளவு போதும். அந்தத் திருகையும், ஸ்பிரிங் அல்லது காந்தத்தின் இழுப்பையும் அவரவர் கைக்குத் தக்கபடி மாற்ற முடிகிற கருவியாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பளபளப்பைப் பார்த்து வாங்க வேண்டாம்.

முத்தியால்பேட்டை:

எங்கள் புதுச்சேரிப் பக்கத்துப் பழைய ஆட்கள் பிரெஞ்சில் படித்தவர்கள். பிரெஞ்சில் தந்திச் சாவிக்கு 'மனிப்யூலத்தர்' என்று பெயர். கையால் இயக்குவது என்று பொருள். அந்த வழியில் 'கையாளி' நன்றாக இருக்கும். சாவி வேண்டாம் என்ற ஐயா 'தந்தி'யை மட்டும் ஏன் விட்டுவிட்டார்? அதுவும் வடமொழிதானே?

திருப்பாதிரிப்புலியூர்:

தந்தி நம் வீணையில் ஏறி, வீடுகளுக்கு நல்லதும் கெட்டதும் கொண்டுவந்து, நம்மோடு வாழ்ந்த சொல். அதை விரட்டச் சொல்லும் அளவுக்கு நான் முரடன் இல்லை. 'கையாளி'யில் கையாள் என்ற அடியாள் வாடை அடிக்கிறது தம்பி.

லாஸ்பேட்டை, மொழிபெயர்ப்பாளர்:

வேரை அப்புறம் தேடலாம். பிள்ளை கடையில் என்ன கேட்பான்? 'பேடில்'தான். கையேட்டில் அந்தச் சொல் ஓரிடத்திலாவது இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் 'விசை' என்று போட்டால் செருகுவதில் தப்பு நடக்கும். பேடிலுக்கு ஸ்டீரியோ பிளக். வழக்கமாக முனையில் புள்ளி, நடு வளையத்தில் கோடு, அடியில் பொது இணைப்பு. பழைய கருவிக்கு நடு வளையம் இல்லாத மோனோ பிளக்கே போதும். பேடிலைத் தட்டும்போது புள்ளியையும் கோட்டையும் தானாக உருவாக்கும் மின்சுற்றான கீயர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மோனோ பிளக்கைச் செருகினால் வளையமும் அடியும் ஒட்டிக்கொள்ளும். யாரும் கை வைக்காமலே கோடு கோடாகப் போய்க்கொண்டிருக்கும். அதனால் இரண்டு கருவிக்கும் ஒட்டாத இரண்டு பெயர் வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர்:

இது நல்ல வாதம், ஏற்கிறேன். இரட்டைத் தகட்டுக்கு 'ஐயாம்பிக்' என்கிறார்களே, அது ஆங்கில யாப்பில் மெலிந்து பின் வலிக்கும் சீர். நம்மிடம் குறிலும் நெடிலும் இணைந்தால் நிரையசை. ஆகவே 'நிரைத் துடுப்பு'. துடுப்புக்கு இந்த அளவு இறங்கி வருகிறேன்.

தேவனாம்பட்டினம்:

ஐயா, எந்தத் தகட்டை முதலில் தொடுகிறோமோ அதுதான் முதலில் வரும். 'சி' என்ற எழுத்து கோடு, புள்ளி, கோடு, புள்ளி. கோட்டுப் பக்கம் முந்தினால்தான் அது வரும். நெடில் முன்னால் வந்து குறில் பின்னால் வந்தால் நேர் நேர் ஆகிவிடாதா? அப்புறம் நிரை எங்கே?

கோட்டை நெடில் என்றே சொல்லக் கூடாது என்று நீங்கள்தானே முதல் மடலில் எழுதினீர்கள்!

'இணைத் துடுப்பு' போதும். ஒரே தகடு உள்ளது 'ஒற்றைத் துடுப்பு'.

முத்தியால்பேட்டை:

இணைத் துடுப்புக்கு என் ஆதரவு. கையாளியை விட்டுவிடுகிறேன்.

மஞ்சக்குப்பம், ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. வியாழன் இரவு ஆகிவிட்டது. தந்தி விசை, ஒற்றைத் துடுப்பு, இணைத் துடுப்பு என்று போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'கடையில் பேடில் என்று கேளுங்கள்' என்று ஒரு வரி. புள்ளியும் கோடும் அப்படியே இருக்கட்டும். கீயருக்குச் சொல் அமையவில்லை. கீயர் என்றே போகிறது.

திருப்பாதிரிப்புலியூர்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன் அம்மா. ஆனால் 'துடிப்பி' தவறு என்று இதுவரை யாரும் நிறுவவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுதுவேன். கீயரை அப்படியே விடாதீர்கள். புள்ளிக்கும் கோட்டுக்கும் அளவு வகுத்துக் கொடுப்பது அதுதானே? 'அளவி' என்று வைத்தால் என்ன? காலைக்குள் யாராவது பதில் சொல்லுங்கள்.